ஆளுக்கொரு ஸ்ட்ரீம்

ஏ.எஸ்.ராவ் நகர்,
ஹைதராபாத்,
14.6.2011

அன்புள்ள அத்திம்பேருக்கு,

சௌந்தரராஜன் அநேக நமஸ்காரம். திருச்சியில் தாங்களும் கல்பகம் அக்காவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே உஷாவும் ஸ்ரேயாவும் சௌக்கியம். நான் இருக்கிறேன்.

ஸ்ரேயா பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிய சந்தோஷம் நாலு நாள்கூட நிலைக்கவில்லை. இந்த ஊரில் பிளஸ் ஒன்னுக்கே காலேஜ்தான்; அடுத்து எந்த ஸ்ட்ரீம் என்று அங்கே பாரம் கொடுத்துவிட்டார்கள். நான் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி என்கிறேன். அவள் காமர்ஸ் என்கிறாள். நான் தமிழில் கெஞ்சினால், "கைக்கு டாடி? மேத்ஸ் நக்கோ" என்று, எதற்கு, வேண்டாம் என்பதை இந்த ஊர் பாஷையில் சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போகிறாள். நான் படித்த காலத்தில் ஸ்ட்ரீம் என்றால் பூகோளப் புத்தகத்து ஓடை. மலையிலிருந்து இறங்கி ஆற்றில் சேரும். அதற்கு யாரும் பாரம் பூர்த்தி செய்ததில்லை.

விவரம் தெரிந்தவனாயிற்றே என்று மாடி வீட்டு ஷ்யாமிடம் அவளை அழைத்துப் போனேன். சாஃப்ட்வேர்காரன். "அங்கிள், நான் படிச்சது எலக்ட்ரிகல். கம்பெனில ஜாவா ஸ்ட்ரீம்னு ட்ரெயினிங் குடுத்தாங்க, கடைசில டெஸ்டிங் ஸ்ட்ரீம்ல போட்டுட்டாங்க. எதைப் படிச்சா என்ன" என்றான். ஸ்ரேயாவின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். போதாததற்கு ஞாயிறன்று அவன் தங்கை கல்யாணம் பேகம்பேட்டில். உஷா மட்டும் போனாள், நான் பெண்ணிடம் தனியாகப் பேசலாமென்று வீட்டிலிருந்து லைவ் ஸ்ட்ரீமில் பார்த்தேன். தாலியை எடுத்த மாப்பிள்ளை எடுத்தபடியே இருபது நிமிஷம் நின்றார், பிறகு எல்லாரும் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஃப்ளாட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையை 'ஸ்ட்ரீம் வியூ' என்று சொல்லித்தான் விற்றார்கள், அது நேராக ஹாலுக்குள் வந்தது. பக்கெட்டும் கையுமாக நின்றபடி, "இன்ஜினியரானா நாலு பேர் மதிப்பாம்மா" என்றேன். அவள் துடைப்பத்தை நிறுத்தி, "நீங்க இன்ஜினியர்தானே டாடி. ஃப்ளாட் வாங்கும்போது லெவல் பாக்கலயா?" என்று கேட்டாள்.

அத்திம்பேர், எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே பெண். அவளை இன்ஜினியராகப் பார்த்துவிட்டுத்தான் ரிட்டயர் ஆகவேண்டும் என்று இருந்தேன். தாங்கள் கணக்குப் பேராசிரியராக இருந்தவர், தாங்கள் சொன்னால் கேட்பாள். கடைசித் தேதி இருபத்தைந்து. அதற்குள் கிளம்பி வந்து என்னைக் காப்பாற்றவும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். ஸ்ரேயாவுக்கு ஆசீர்வாதத்தோடு கொஞ்சம் மிரட்டலும் எடுத்து வரவும்.

தங்கள்,
சௌந்தரராஜன்

பி.கு.: வர வேண்டாம். நேற்று எழுதிய கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. இன்று காலை கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும்போது ஸ்ரேயா ஏதோ காகிதங்களை நீட்டினாள். ஆபீஸில் கிளார்க் பத்மநாபன் பென்சிலால் குறி போட்டுத் தரும் இடத்தில், படிக்காமல் கையெழுத்துப் போட்டே இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவன் நான். மூன்று இடத்தில் பென்சில் குறி இருந்தது. மூன்றிலும் போட்டுவிட்டு ஓடினேன். சாயங்காலம் காலேஜ் ரசீதோடு பாரத்தின் நகல் மேஜைமேல் இருக்கிறது. ஸ்ட்ரீம்: காமர்ஸ். தேர்ந்தெடுத்த காரணம்: தந்தையின் விருப்பம்.