ரிப்பன் ரோஜாவும் வெல்க்ரோ வேட்டியும்

வேட்டி கட்டுகிற ஆண்பிள்ளை எவனுக்கும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது அது அவிழும். கல்யாணப் பந்தியில் அவிழலாம், பஸ் படிக்கட்டில் அவிழலாம். எனக்கு அது ஆலயத்தில், ஆராதனை நடுவில், சபையே பார்த்துக்கொண்டிருக்க, நான்கு மாதக் குழந்தை ஒன்றால் அவிழ்ந்தது. குழந்தைமேல் தப்பில்லை. தப்பு முழுக்க நான் தைத்த ஒரு ரோஜாப்பூவின் மேல்தான்.

ஊசிக்கும் எனக்கும் எப்படிச் சம்பந்தம் ஏற்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி எஸ்தர் ஸ்கூலில் சயின்ஸ் டீச்சர். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எம்ப்ராய்டரி வகுப்பில் சேர்ந்திருந்தாள். பட்டு ரிப்பனை ஊசியில் கோத்துத் துணியில் பூப்போடும் வேலை. நூலில் பத்துத் தையல் போட்டால் வருகிற இதழ், ரிப்பனில் ஒரே தையலில் புடைத்துக்கொண்டு வந்து நிற்கும். வகுப்பு முடிவதற்குள் ஆளுக்கொரு பொருள் செய்து காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. எஸ்தர், தன் தம்பி மகள் அபியின் ஞானஸ்நானக் கவுனை எடுத்துக்கொண்டாள். குழந்தையின் பாதத்துக்குக் கீழேயும் ஒரு முழம் தொங்குகிற வெள்ளைக் கவுன். அதன் கீழ் ஓரத்தில் ஏழு ரோஜா.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. (இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறேன். நகர முடியாத வருஷங்கள் இருந்தன, அவை இந்தக் கட்டுரையில் வேண்டாம்.) அபிக்கு நாங்கள்தான் ஞானப்பெற்றோர் என்று முடிவான அன்றே எஸ்தர் சொல்லிவிட்டாள், அவளுக்கு நான் கொடுக்கிற முதல் பொருள் கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது என்று.

ஞானஸ்நானத்துக்கு நாலு வாரம் இருக்கும்போது, மழையில் எங்கள் அபார்ட்மெண்ட் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. ஒரு ரோஜாகூட ஆரம்பித்திருக்கவில்லை. ரெடிமேடாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம், குழந்தைக்கு என்ன தெரியப் போகிறது என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. மறுநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் ரிப்பனைக் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு சி பிரிவையே அடக்கி ஆள்கிறவளுக்குக் கண் கலங்கியிருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"இந்த சனிக்கிழமை கிளாஸுக்கு நான் போறேன்" என்றேன்.

விழுந்த பிறகு அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் உற்சாகமூட்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

என் உத்தியோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறைமலை நகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். உதிரிபாகம் ஒரு தலைமுடி அளவுக்குப் பிசகினாலும் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறவன். அந்தத் திமிரோடு, பையில் அளவெடுக்கிற வெர்னியர் காலிப்பரும் வைத்துக்கொண்டு, பதினொரு பெண்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன்.

சொல்லிக்கொடுப்பவர் ரேவதி மேடம், என்னைவிடப் பத்து வயது சின்னவர். ரோஜாவுக்கு முதலில் சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி நூலில் ஐந்து கால் போட வேண்டும். பிறகு ரிப்பனை ஒரு காலுக்கு மேலே, அடுத்த காலுக்குக் கீழே என்று சுற்றிக்கொண்டே வர வேண்டும். நான் கை தூக்கினேன். ஐந்தாகப் பிரிப்பது கஷ்டம், ஆனால் ஒரு வட்டத்தை அதன் ஆரத்தை வைத்தே துல்லியமாக ஆறாகப் பிரித்துவிடலாம் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போட்டுப் பாருங்க சார் என்றார். போட்டேன். கால் இரட்டைப்படையாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ரிப்பன் அதே கால்களுக்கு மேலேயே போகும் என்பது மூன்றாவது சுற்றில்தான் உறைத்தது. ரோஜா வரவில்லை, மூன்று இறக்கை ஃபேன் வந்தது. பக்கத்தில் இருந்த அக்கா எட்டிப் பார்த்து, "சுவிட்ச் எங்க சார் கீது?" என்று கேட்டார்.

காலிப்பரை அதற்கப்புறம் நான் வெளியே எடுக்கவில்லை.

அடுத்த வியாதி, இழுப்பது. நட்டு முடுக்கிப் பழகிய கை. ரிப்பனை இழுத்து இழுத்து இதழையெல்லாம் கயிறாக்கிவிடுவேன். "இழுக்காதீங்க சார், அதுவா படுக்கட்டும்" என்று மேடம் எத்தனை தடவை சொன்னார் என்று அவருக்கே கணக்கிருக்காது. வீட்டில் அந்த வேலையை எஸ்தர் எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் காபி குடித்துவிட்டு பால்கனியில் உட்காருவோம். நான் தைப்பேன். இழுக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் அவள் இடது கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. சில சமயம் வேண்டுமென்றே இழுத்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எப்படியோ ஏழும் முடிந்தன. முதல் மூன்றைப் பார்த்தால் முட்டைக்கோஸ் ஞாபகம் வரும். மற்றவற்றை ரோஜா என்று சொன்னால் சண்டைக்கு வர மாட்டார்கள்.

ஞானஸ்நான ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் பட்டுக்கரை வேட்டியில் போனேன். வெல்க்ரோ வேட்டி. (கட்டத் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியாது.) அபியின் அம்மா பிரியா, குழந்தையை என் மடியில் படுக்க வைத்துவிட்டு, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடப் போனாள். குழந்தை நல்ல தூக்கம். கவுனின் ஓரம் என் தொடைமேல் கிடந்தது. அப்போதுதான் பார்த்தேன், நடு ரோஜாவின் வெளிச்சுற்று கழன்றிருந்தது.

யார் பார்க்கப் போகிறார்கள், விடுங்க என்றாள் எஸ்தர். தர ஆய்வாளன் விடுவானா? எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைப் பையில் ஊசியும் ரிப்பனும் வைத்திருந்தேன். (சரியான டெய்லர் என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்திருந்த காலம்.) பிஞ்சுக் காலிலிருந்து ஒரு முழம் தள்ளி, மெதுவாகத் தைத்தேன். நாலு வாரத்தில் முதல் தடவையாக நான் இழுக்கவில்லை. ரிப்பன் அதுவாகவே படுத்தது. அவ்வளவு அழகான ரோஜாவை அந்த வகுப்பிலேயே யாரும் போட்டதில்லை என்று இன்றும் சொல்வேன். இழுத்திருந்தால், வேட்டியும் கூடவே வருவது தெரிந்திருக்கும். மறுபடி கழன்றுவிடக் கூடாதே என்று இதழுக்கடியில் நூலால் எட்டுத் தையல் வேறு போட்டு வைத்தேன்.

எங்களை முன்னால் அழைத்தார்கள். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு போனதால், கவுன் தொடைவரை தொங்கியது; வேட்டியோடு சேர்த்துத் தைத்தது அங்கேயே இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. போதகர் கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் குழந்தையைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தூக்கினார்.

வெல்க்ரோ பிரிகிற சத்தம் உங்களுக்குத் தெரியும். போதகரின் காலர் மைக் அதைப் பிடித்துக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஓரடி நகர்ந்தார், நானும் ஓரடி வைத்தேன். அவர் மறுபடி நகர்ந்தார், நானும் விடவில்லை. பிள்ளையைப் பிரிய மனமில்லாமல் செய்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கனிவோடு, "பிரதர், குழந்தைய விடுங்க" என்றார்.

"நான் விட்டுட்டேன் ஐயா. குழந்தைதான் என்ன விட மாட்டேங்குது."

மைக் இதையும் விடவில்லை. சபை சிரித்தது. போதகரும் குனிந்து பார்த்துவிட்டு, குழந்தை தலைக்குத் தண்ணீர் எடுக்க வேண்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து என் வேட்டியைக் கொத்தாகப் பிடித்தது. எஸ்தரின் இடது கை. ஜெபம் முடிகிறவரை அந்தப் பிடி தளரவில்லை. அபி ஞானஸ்நானம் பெற்றாள். என் வேட்டியும் பாதி நனைந்தது.

அபியை நான் வாங்கிக்கொள்ள, எஸ்தர் வேட்டியைப் பிடித்துக்கொள்ள, உள்ளறைக்கு மூவரும் ஒட்டியபடியே போனோம். எட்டுத் தையலும் பிரிய மறுத்தன. பிரியா கத்தரிக்கோலோடு வந்து, "பூவ வெட்டிரலாம் அண்ணா, பரவால்ல" என்றாள்.

"பூவத் தொடாத" என்றாள் எஸ்தர். ஒன்பதாம் வகுப்பு சி பிரிவுக்கான குரல். "நாலு வாரம் உக்காந்து தச்சிருக்காரு. வேட்டிய வெட்டு."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். சிரிப்பும் சேர்ந்தே வந்தது. வேட்டியை மட்டும் விடவில்லை. எனக்கும் அழுகை வந்தது, ஆனால் டிராயர் தெரிய நிற்கிறவன் அழுதால் பார்க்க நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன். பிரியா வேட்டியில் ஒரு தோசைக்கரண்டி அகலத்துக்கு வட்டமாக வெட்டினாள். ஓட்டையை மறைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அபி இப்போது இரண்டாம் வகுப்பு. அந்தக் கவுனை அவள் தம்பியும் போட்டாயிற்று. எந்த விசேஷத்துக்கு நான் வேட்டியில் போனாலும், முதலில் குழந்தைகளைத் தூரமாக வையுங்கள் என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. போன மாதம் அபி கவுனை எடுத்து விரித்து, நடு ரோஜாவைத் திருப்பிப் பின்னால் இருந்த வேட்டித் துண்டைத் தடவிப் பார்த்தாள். எல்லாப் பூவும் அங்கங்கே பிரிந்திருக்கிறதே, இது மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது என்று அத்தையிடம் கேட்டாள்.

"அது மட்டுந்தான் மாமா இழுக்காம தச்சது" என்றாள் எஸ்தர்.