பத்துக் கோடி மேக்ஸ்வெல்

ஃப்ளக்ஸ் மீட்டரின் முகத்தில் 'மேக்ஸ்வெல்' என்ற பழைய அலகு அச்சாகியிருந்தது. புதுப் பாடத்திட்டமோ காந்தப் பாயத்தை 'வெபர்' கணக்கில் அளக்கச் சொல்கிறது. எக்ஸாமினர் வரும் நேரம்.

பசுமலையில் ஒரு கல்லூரி லேபில் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த நல்லகாமன் மீட்டரைக் கையில் எடுத்தான். எக்ஸாமினர் நல்ல வார்த்தை சொன்னால்தான் வேலை நிரந்தரமாகும். அதுவரை கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது என்று ஒத்தக்கடையில் இருந்த அம்மா ஒச்சாயியிடம் அடித்துச் சொல்லியிருந்தான்.

மீட்டரின் கண்ணாடியைக் கழற்றி, 'வெபர்' என்று எழுதிய தாளை ஒட்டினான். ஒட்டிய பிறகுதான் உறைத்தது. ஒரு வெபர் என்றால் பத்துக் கோடி மேக்ஸ்வெல். ஆயிரம் மேக்ஸ்வெல் காட்டிய முள் இப்போது கூசாமல் ஆயிரம் வெபர் என்றது. அம்புட்டுக் காந்தம் இருந்தால் கல்லூரி பஸ்ஸே சுவரேறி வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் சுழியம் சுழியமாகப் போட்டான். இடம் போதவில்லை. மேலே இன்னொரு தாளை ஒட்டினான். பசை வழிந்து முள்ளைப் பிடித்தது. வெயிலில் காயவைத்தான். முள் அடியோடு இறுகிப்போனது.

"சார், ஒங்களப் பாக்கப் பெரிய மனுசரு ஒருத்தரு வந்துருக்காரு," என்றான் அட்டெண்டர் காளை.

வெள்ளை வேட்டி, மூக்குக்கண்ணாடி, கையில் தோல்பை. நல்லகாமன் மீட்டரை முதுகால் மறைத்தான்.

"இங்க எம்புட்டு நாளா இருக்கீக?"

"மூணு வருசமா சார்."

"வேல நிரந்தரமா?"

"நீங்க மனசு வச்சா ஆயிரும் சார்."

வந்தவர் கொஞ்சம் திகைத்து, பிறகு சிரித்தார். "பழக்கவழக்கமெல்லாம் எப்படி?"

நல்லகாமன் மீட்டரோடு இன்னும் ஒட்டி நின்றான். தாள் ஒட்டியதை இவர் பார்த்துவிட்டார்.

"சத்தியமா இன்னைக்குத்தான் சார் மொதத் தடவ. இனிமே செய்யமாட்டேன்."

வந்தவர் அவனை உற்றுப் பார்த்தார். "கேக்குறதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டீக. இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்கா? சரி, நான் குறிக்கிற தேதி ஒங்களுக்குச் சம்மதந்தான?"

மறுபரிசோதனைக்குத் தேதி கேட்கிறார். வேலை தப்பிப் பிழைத்தது.

"எந்தத் தேதின்னாலும் சம்மதம் சார்."

தோளில் தட்டிவிட்டுப் போனார். காளை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினான். நல்லகாமன் ஸ்டூலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். காலையிலிருந்து இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறான்.

"எந்திரிங்க சார், எக்ஸாமினரு இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்குறாரு, இங்க வந்துட்டுப் போன ஒங்க மாமனாரு தை மாசமே முகூர்த்தம்னு ஒங்கம்மாகிட்டச் சொல்ல அதே பஸ்ஸுல ஏறிட்டாரு."