வேலை இல்லாத ‘ஸ’

இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது. எழுபது கிலோ நெல் மூட்டையை இறக்கிவிட்டு நிமிரப் போன பர்ஸான் பாதி வளைவில் நின்றான். மகள் பிறந்து நாலு நாள். அதற்குள் நிமிர முடியாத வாப்பாவாகிவிட்டான்.

"புள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டான் றிபாத். அவனும் அதே நெல் ஆலையில் மூட்டை சுமக்கிறவன். மதரஸாவில் இரண்டு வருடம் ஓதிவிட்டு, சோறு சரியில்லை என்று ஓடி வந்தவன்.

"ஹாரிஸா. பஸ்னாட விருப்பம். கிளினிக் புத்தகத்தில எழுதியிரிக்கி."

"ஹாரிஸாவா? காவல்காரி எண்டு கருத்து மச்சான்."

பர்ஸான் ஆலை வாசலைப் பார்த்தான். காவல்காரன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு நாய் அவனுடைய சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தது.

பர்ஸானின் வாப்பா கரைவலை இழுத்தவர். மனைவி பஸ்னாவின் உம்மா, மாமி ஜெமீலா, தறியில் தேய்ந்தவள். பஸ்னாவும் எட்டாம் மாதம் வரை தறியை விடவில்லை. இந்தக் குடும்பத்தில் வேலையே அண்டாத ஓர் ஆள் வேண்டும், பெயரிலாவது. அவன் ஆசை அவ்வளவுதான். ஏழாம் நாள் பெயர் சொல்லிவிட்டால் ஆயுளுக்கும் அதுதான்.

ஆனால் பெற்றவள் ஆசைப்பட்ட பெயர். ஒரு நாள் முழுக்க நோவெடுத்தவளிடம் போய் மாற்றச் சொல்ல எந்த வாய் வரும்?

மருதமுனை வீட்டில் மெல்ல ஆரம்பித்தான். "புள்ள, ஹாரிஸா எண்டா காவல்காரியாம்."

"உங்களுக்குச் சரியெண்டா எனக்கும் சரி." பஸ்னா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கோபம்தான், சந்தேகமில்லை. பெயரை மாற்ற முடியாது, கருத்தையாவது மாற்றலாம் என்று பக்கீர் முகைதீன் மௌலவியிடம் போனான்.

"நம்மட தமிழ்ல ‘ஸ’ ஒண்டுதான் தம்பி," என்றார் மௌலவி. "அரபில மூண்டு இரிக்கி. ஒண்டப் போட்டா காவல்காரி. மத்ததப் போட்டா உழவுகாரி. மூண்டாவதப் போட்டு, ‘ஹா’வக் குறுக்கி ‘ரி’ய நீட்டினா ஹரீஸா, பேராசக்காரி. உங்களுக்கு எந்த ‘ஸ’?"

"வேல இல்லாத ‘ஸ’ எது ஹஸ்ரத்?"

மௌலவி நன்றாக யோசித்தார். "பேராசக்காரி மட்டுந்தான்."

காவலைவிட உழவு மரியாதை என்று முடிவு செய்து வீட்டுக்கு வந்து சொன்னான். மாமி ஜெமீலா உலக்கையைக் கீழே வைத்தாள்.

"நான் தறியில கிடந்து தேஞ்சது, பேத்திய ஏருல பூட்டவா?"

"இப்ப ஆரு மாமி ஏர் புடிக்கிற? எல்லாம் ட்ராக்டர்தானே."

வாயை விட்டுவிட்டான். பின்னேரம் அஸர் பாங்கு சொல்வதற்குள் அந்தச் சொல் ஒழுங்கை முழுக்க வீடு வீடாகப் பரவியது. அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டாள்: "என்னகா, ட்ராக்டர் எழும்பிட்டா? பால் குடிச்சிச்சா?"

அவசரமாகக் காவலுக்கே திரும்பினான். "உழவில்ல மாமி, காவல்தான். காவல் எண்டா பொலிஸ்."

"பொலிஸா! ஹெல்மட் இல்லையெண்டு என்ட மகனுக்குத் தண்டம் எழுதினவனுகள்ட பேரா?"

ஏழாம் நாள் எல்லா வாயையும் இனிப்பால் அடைக்கலாம் என்று கல்முனையில் பெரிய கேக் ஒன்றுக்குச் சொன்னான். ஆலை இயந்திரம் அலற அலறத் தொலைபேசியில் கத்திச் சொன்ன பெயர். கேக் வந்தது. ரோஸ் நிற கிரீமில், பூ வைத்து, தெளிவாக எழுதியிருந்தது: ஹரீஸா.

பெயர் சொல்ல வந்த மௌலவி அதை வாசித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "கடைசியில வேல இல்லாததத்தான் எடுத்திரிக்கீங்க."

"என்ன கருத்து அது?" என்றாள் ஜெமீலா.

றிபாத்துக்கு வாய் நிறையக் கேக். இருந்தும் சொல்லிவிட்டான். "பேராசக்காரி, மாமி."

வீடு இரைந்தது. வேலிக்கு அப்பாலும் இரைந்தது. பர்ஸான் நாரியைப் பிடித்துக்கொண்டு எழும்பினான்.

"போதும்! பஸ்னாட விருப்பம் எண்டுதானே நான் இவ்வளவும் பொறுத்த!"

பஸ்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்ட விருப்பமா? நீங்க வெச்ச பேரெண்டு நானெல்லோ பல்லக் கடிச்சிட்டுக் கிடக்கன்!"

"நானா வெச்சன்? கிளினிக் புத்தகத்தில நீதானே எழுதி வெச்ச?"

"அல்லாவே! நான் பேனையத் தொட்டே ஒரு மாசம்."

பிள்ளையை நிறுத்துப் பார்க்க வந்திருந்த மருத்துவமாது, தராசைக் கொக்கியில் கொழுவியபடியே திரும்பினாள். ஊருக்குப் புதியவள். எல்லாரும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஹாரிஸா நான்தான். அது மருத்துவமாது பேர் எழுதுற இடம்," என்றாள். "புள்ளட பேருக்கு விட்ட கோடு வெறுமையாக் கிடக்கு. ஒரு பேர் இன்னும் நீங்க எனக்குத் தரணும்."