ஸ்டாப்பர் பார்க்கப் போன வீடு

எங்கள் கால்பந்து அணிக்கு ஒரு தடுப்பாட்டக்காரன் வேண்டும் என்பதற்காக, இல்லாத ஒரு பெண்ணை இருப்பதாகச் சொல்லி ஒரு தாயை ஏமாற்றினேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. அப்போது எனக்கு வயது அறுபத்தெட்டு. கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். வாலிப வயதுத் துடுக்கு என்று யாரும் மன்னிக்கவும் வழியில்லை.

கோயமுத்தூர் கணபதியில் பட்டறைகளுக்கு நடுவே எங்களுக்கு ஒரு அணி உண்டு. ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் லேத்தில் நிற்பவர்கள் என்பதால் ஊருக்குள் அதற்கு ‘லேத் டீம்’ என்றுதான் பெயர். அந்த ஆண்டு எல்லாரிடமும் தோற்றோம். எங்கள் கோச், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியார் வேலை கிடைத்ததும் ஓர் ஆட்டத்தின் இடைவேளையிலேயே விடைபெற்றுக்கொண்டார். (இரண்டாம் பாதியைப் பார்க்கும் தெம்பு அவருக்கு இல்லை என்பது என் கருத்து.)

அதற்கப்புறம் எங்களுக்குப் பேக்கரியே கதி. டீயும் தேங்காய் பன்னும் வைத்துக்கொண்டு, அடுத்த கோச் யார், பின்வரிசைக்கு யாரைப் பிடிப்பது என்று மாலை முழுவதும் பேசுவோம். பம்பு செட் பட்டறை வைத்திருக்கும் சென்னியப்பன்தான் எப்போதும் ஆரம்பிப்பார்.

“பாலக்காட்டுல ஒருத்தர் இருக்கறாருங்க. அவரக் கூட்டியாந்தா டீம் நிமிந்துருமுங்க.”

“அவரு வந்து என்னத்தப் பண்ணுவாரு?” என்பார் கிருஷ்ணமூர்த்தி. தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். “நம்ம பேக்குங்க பந்து வந்தா ஒதுங்கி வழி உடறானுங்க. நீங்க போங்க, நீங்க போங்கன்னு.”

“என்னங்க பண்றது? வளர்ப்பு அப்படி.”

“அஞ்சு பேக் நிறுத்தோணுமுங்க.”

“அஞ்சு பேரைப் பின்னால நிறுத்திப்போட்டா கோல் அடிக்கறது யாருங்க? நீங்களா?”

“அடிக்கறத அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல வாங்கறத நிறுத்துவோம்.”

நான் இதிலெல்லாம் அதிகம் பேசாமல் பெரிய மனிதன் போலத் தலையாட்டிக்கொண்டிருப்பேன். உள்ளுக்குள் எனக்கு வேறு ஆசை. அணியின் மேனேஜராக நானே வர வேண்டும். தகுதி என்ன என்று கேட்டால், கல்லூரி நாளில் மைதானத்துக்கு வெளியே உருண்டு வந்த பந்தை ஒருமுறை திருப்பி உதைத்திருக்கிறேன். பந்தைவிடச் செருப்பு அதிக தூரம் போனது. ஆனாலும் ஆசை வந்துவிட்டது. ஓய்வு பெற்றபின், என்னை எழுந்து நின்று வணங்க ஒரு வகுப்பறை இல்லாமல் போன ஏக்கம் அது என்று இப்போது புரிகிறது.

அணியின் செயலாளர் என் மனதைப் படித்துவிட்டார். “சார், கடைசி மேட்ச் தோத்தா கீழ் டிவிஷனுக்குப் போயிருவோம். ஒரு நல்ல ஸ்டாப்பரப் புடிச்சுக் குடுங்க. அடுத்த சீசனுக்கு நீங்கதான் மேனேஜர்” என்றார். கோலுக்கு முன்னால் மதில் போல நிற்பவனைத்தான் ஸ்டாப்பர் என்பது.

வெள்ளகோவிலில் நடந்த ஒரு போட்டியில் அப்படி ஒருவனைக் கிருஷ்ணமூர்த்தி பார்த்திருந்தார். பெயர் சிவகுமார். தாராபுரம் பக்கம் சொந்தத் தோட்டத்தில் விவசாயம் பார்க்கும் பையன். “ஆளு அசையறதே இல்லீங்க சார். பந்துதான் அவன் மேல மோதி அழுதுட்டுப் போகுது” என்றார். கைபேசி எண் கிடைக்கவில்லை. வீடு மட்டும் தெரிந்தது. நேரில் போவது என்று முடிவாயிற்று.

மூன்று பேராகப் போனால் காரியம் கூடாது என்று சென்னியப்பன் தன் மனைவி சுலோச்சனாவையும் காரில் ஏற்றிக்கொண்டார். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று வாழைப்பழம், ஆப்பிள், மல்லிகைப்பூ. நல்ல காரியம் பேசப் போகிறோம் என்று மூன்று ஆண்களும் வெள்ளை வேட்டி சட்டை. நல்ல நேரம் பார்த்துத்தான் புறப்பட்டோம். ஒரு தாம்பாளமும் இருந்தது என்பதை இப்போது வெட்கத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வந்த காரியத்தை வாசலிலேயே போட்டு உடைப்பது மரியாதை இல்லை. சொம்புத் தண்ணீர் குடித்து, மழை பேசி, தேங்காய் விலை பேசி, அப்புறம்தான் மெல்ல விஷயத்துக்கு வருவோம். வீட்டுக்காரரும் ‘என்ன சமாச்சாரம்’ என்று கேட்க மாட்டார். கேட்டால் விரட்டுவது போல ஆகிவிடும். இப்படி இரண்டு பக்கமும் மரியாதை காத்ததில் அரை மணி நேரம் போய்விட்டது. அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் யார் என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

சிவகுமாரின் அப்பா நாச்சிமுத்து, கட்டிலில் துண்டை விரித்து உட்கார வைத்தார். எங்கள் கேள்விகளும் நிலைமையைக் கெடுத்தன.

“தம்பி ஒசரம் எத்தனைங்க?” என்றார் சென்னியப்பன். (தலையால் முட்ட வேண்டுமே.)

“ஆறடிக்கு ஒரு விரக்கடை கம்மிங்க.”

“முட்டியில, கணுக்கால்ல அடிகிடி பட்டது உண்டுங்களா?”

நாச்சிமுத்து சற்று யோசித்தார். “அதெல்லாம் இல்லீங்க. ரெண்டு காலும் நல்லா இருக்குதுங்க.”

“கண்ணாலம் ஆகலீங்களே?” என்றார் கிருஷ்ணமூர்த்தி. (கல்யாணம் ஆனவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு வருவதில்லை.)

“ஆகலீங்க, ஆகலீங்க!” என்று அவர் அவசரமாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி நான் என்ன கூட்டம், அதாவது எந்தக் குலம், என்று கேட்டார். சொன்னேன். அவர்களுடையது வேறு கூட்டம். ஒரே கூட்டத்தில் பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. வேறு என்றால் தடையில்லை. அவர் முகம் மலர்ந்ததை, நான் கால்பந்தின் மேல் அவருக்குள்ள பிரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

சென்னியப்பனும் கிருஷ்ணமூர்த்தியும் பையனைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனார்கள். அந்த நேரத்தில்தான் சுலோச்சனா சமையலறையிலிருந்து வந்து என் காதருகே குனிந்தாள்.

“சார், நம்மளப் பொண்ணு ஊட்டுக்காரங்கன்னு நெனச்சுட்டாங்க. உள்ளார அந்தம்மா அழுவுது. நாலு வருசமா தேடறாங்களாம். தோட்டம் பாக்கற பையனுக்கு யாரும் பொண்ணு தரமாட்டீங்கறாங்களாம். ஊடு பாக்க வாரோம்னு சொன்னவங்ககூட வரலயாம். நீங்க படிச்சவுங்க, பதமா எடுத்துச் சொல்லிப்போடுங்க.”

“நான் பாத்துக்கறேன் அம்மிணி, நீ போ” என்றேன். அவளும் நம்பி உள்ளே போனாள்.

உண்மையாகவே சொல்லத்தான் தொண்டையைக் கனைத்தேன். அதே நேரம், தேடிப் போன இருவர் கண்ணிலும் படாமல், தோட்டத்திலிருந்து சிவகுமார் வந்து வாசலை மறித்தாற்போல் நின்றான். வெளிச்சம் குறைந்தது. கதவு நிலை முழுவதையும் தோளால் அடைத்த அந்த உருவத்தைப் பார்த்தேன். எங்கள் கோலுக்கு முன்னால் அவனை நிறுத்திப் பார்த்தேன். புத்தி கெட்டது.

“உங்க பொண்ணு என்னங்க படிச்சிருக்குது?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

“எம்.எஸ்சி.ங்க” என்றேன். “கெமிஸ்ட்ரி.” (பொய்யிலும் எனக்குத் தெரிந்த பாடம்தான் வந்தது.)

ஆட்டம் முடிந்த மறுநாளே ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஜாதகத்துக்கு ஒரு நாளும் வாய் கிடையாது.

அப்புறம் இலை போட்டார்கள். இந்த இடத்தில்தான் என் குற்றம் முழுமையாகிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் காபி வரைதான் குடிப்பார்கள். சம்மதம் இருந்தால்தான் சாப்பாட்டில் கை நனைப்பது. இது எனக்குத் தெரியாததல்ல. என் கல்யாணத்துக்கு முன் என் மாமனார் கை நனைக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். தெரிந்தேதான் உட்கார்ந்தேன். மற்ற மூவரும் நான் விஷயத்தைச் சொல்லிவிட்டேன் என்று நம்பி உட்கார்ந்தார்கள். அந்தத் தாய், தங்கமணி அம்மாள், என் இலையில் ஒப்புட்டு (போளியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வைத்து அதன்மேல் நெய்யை ஊற்றிக்கொண்டே நின்றார். போதும் என்று நான் சொல்லவில்லை.

கிளம்பும்போது, “ஞாயித்துக்கெழம தம்பி கணபதிக்கு வரட்டுங்க. எங்க டீமுக்கு ஒரு ஆட்டம் ஆடட்டும்” என்றேன். நாச்சிமுத்து மலைக்கவில்லை. உள்ளே திரும்பி மனைவியிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது: “உடம்புக் கட்டப் பாக்கறாங்களாட்ட இருக்குது. இந்தக் காலத்துல இதும் நல்லதுக்குத்தான்.”

காரில் சுலோச்சனா கேட்டாள், “சொல்லிப்போட்டீங்களா சார்?”

“ஆச்சு அம்மிணி.”

ஞாயிற்றுக்கிழமை சிவகுமார் தனியாக வருவான் என்று எதிர்பார்த்தேன். ஒரு வேன் வந்து நின்றது. அப்பா, அம்மா, மாமன், அத்தை, சித்தப்பன் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பட்டுச் சேலைகள். பூக்கூடை. ஆட்டம் முடிந்ததும் அப்படியே பெண்ணைப் பார்த்துப் பூ வைத்துவிட்டுப் போகும் ஏற்பாடு. எங்கள் மைதானத்தில் அதுவரை பட்டுச் சேலையை யாரும் பார்த்ததில்லை. எதிரணிக்காரர்கள் பரிசளிப்பு விழாவோ என்று விசாரித்தார்கள்.

சிவகுமார் ஆடினான். அப்படி ஓர் ஆட்டத்தை எங்கள் அணியில் நான் கண்டதில்லை. முதல் பாதியில் ஒரு பந்தும் அவனைத் தாண்டவில்லை. “சார், மேனேஜர் சார்!” என்று கிருஷ்ணமூர்த்தி என் தோளைப் பிடித்து உலுக்கினார். சிவகுமார் ஒவ்வொரு முறை பந்தை வெளியேற்றிய பிறகும் கூட்டத்தில் யாரையோ தேடுவது போல ஒரு கணம் பார்த்தான். எங்கே அந்த எம்.எஸ்சி. என்று தேடினான்.

என் மனைவி ராஜேஸ்வரி அன்று வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. புருஷனின் மேனேஜர் கோலத்தைப் பார்க்க வேண்டும் என்று சுலோச்சனாவோடு வந்துவிட்டாள். தங்கமணி அம்மாள் நேராகப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சம்பந்தியம்மா, பொண்ணு வரலீங்களா?”

“எந்தப் பொண்ணுங்க?” என்றாள் என் மனைவி. “எங்களுக்கு ரெண்டும் பசங்கதானுங்களே. ரெண்டு பேருக்கும் கண்ணாலமாயிருச்சு.”

நான் பத்தடி தள்ளி நின்றேன். ஓடலாமா என்றுகூட யோசித்தேன். முட்டி ஒத்துழைக்காது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுலோச்சனாவின் பார்வைதான் தாங்க முடியாததாக இருந்தது. நான் வாயைத் திறந்து, “ஜாதகம்...” என்று ஆரம்பித்தேன். பிறகு அதை நிறுத்திக்கொண்டு, “பொய் சொல்லிட்டனுங்க” என்றேன்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாச்சிமுத்து செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்துக்குள் நடந்தார். நடுவர் ஊதலை ஊதிப் பார்த்தார். நாச்சிமுத்து அதைக் காதில் வாங்காமல் மகனின் கையைப் பிடித்து, “வா சாமி, போலாம்” என்றார். சிவகுமார் காரணம் கேட்கவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்தான். அணியின் சட்டையைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, சென்னியப்பன் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

தங்கமணி அம்மாள் கடைசியாக என் எதிரே வந்து நின்றார். “அன்னிக்குச் சாப்பிட்டது வயித்துக்கு ஒண்ணும் பண்ணலீங்களே?” என்று கேட்டுவிட்டு வேனில் ஏறினார்.

அதன்பின் நாங்கள் வாங்கிய கோல்களை எண்ணும் மனநிலையில் நான் இல்லை. கீழ் டிவிஷனுக்குப் போனோம். செயலாளர் பாலக்காட்டுக்காரரை அழைத்து வந்தார்.

மன்னிப்புக் கேட்கத் தாராபுரத்துக்குப் பஸ்ஸில் தனியாகப் போனேன். நாச்சிமுத்து நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினார், தேங்காய் விலையைப் பற்றிப் பேசினார், வாய்க்கால் தண்ணீரைப் பற்றிப் பேசினார். எத்தனை நேரமானாலும் விஷயத்துக்கு வரவில்லை. நானாக ஆரம்பித்தபோதெல்லாம், “இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க” என்று மறுபடி மழைக்கே போய்விட்டார். மன்னிக்காமலே ஒரு மனிதனை அத்தனை மரியாதையாக வழியனுப்ப முடியும் என்று அன்று கண்டேன்.

அதற்கப்புறம் தங்கமணி அம்மாளிடம் சிவகுமாரின் ஜாதகத்தையும் கைபேசி எண்ணையும் கேட்டு வாங்கி, நிஜமாகவே பெண் தேட ஆரம்பித்தேன். பழைய மாணவர்கள், அவர்களுடைய சொந்தங்கள், காங்கேயம், வெள்ளகோவில், ஈரோடு என்று அலைந்தேன். கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான். “பையன் என்ன பண்றானுங்க?” விவசாயம் என்பேன். “அது சரிங்க, வேலை?” என்பார்கள். ஒரு வீட்டில் மட்டும் சம்மதித்தார்கள். பையன் தோட்டத்தை விட்டுக் கோயமுத்தூரில் ஏதாவது கம்பெனிக்குப் போக வேண்டும் என்றார்கள். சிவகுமாரிடம் கைபேசியில் சொன்னேன்.

“இங்க தோட்டத்துக்குத் தண்ணி கட்டறது யாருங்க சார்?” என்று கேட்டான். அவ்வளவுதான். அந்தச் சம்பந்தம் முடிந்தது.

நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. பேக்கரியில் இப்போதும் அடுத்த கோச் யார் என்ற பேச்சு நடக்கிறது. (பாலக்காட்டுக்காரரும் போய்விட்டார்.) என்னிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை, ஜாதகம் மட்டும் கொடுக்கிறார்கள். இதற்கிடையே இரண்டு கல்யாணம் முடித்து வைத்திருக்கிறேன், இரண்டும் வேறு யாருக்கோ. “தாத்தா மேனேஜராகப் போனாங்க, தரகராத் திரும்பி வந்தாங்க” என்று பேரப்பிள்ளைகள் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்கள். விருந்தாளிக்குக் கதை தெரியாவிட்டால், ராஜேஸ்வரி முதலிலிருந்து சொல்வாள். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவேன்.

தங்கமணி அம்மாள் மாதம் ஒருமுறை கூப்பிடுவார். “ஏனுங் சார், எதாச்சும் இடம் வந்துச்சுங்களா?” என்பார். “இன்னும் இல்லீங்க” என்பேன்.

போன வாரம் கூப்பிட்டபோது குரல் வேறு மாதிரி இருந்தது. மூலனூர்ப் பக்கமிருந்து வீடு பார்க்க வருகிறார்களாம். நான் சொல்லி வந்தவர்கள் அல்ல. பெண் நர்சு வேலை பார்க்கிறதாம், தோட்டம் என்றாலும் சரி என்கிறதாம்.

“ரொம்ப சந்தோசமுங்க” என்றேன்.

“அதுக்குச் சொல்லலீங்க. நீங்க அன்னிக்கு வந்து எங்க பக்கம் உக்காரோணும்.”

“நான் எதுக்குங்க?”

“வாரவங்க பொய் சொன்னா உங்களுக்குத்தானுங்க சட்டுன்னு தெரியும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.