மைக்கில் ஊசிக்கரடு

தோற்றுவிட்டுப் பட்டாசு வெடித்த கபடி கோச் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ரிக்குக்காரர். வருஷத்தில் பத்து மாதம் போர்வெல் போடும் ரிக்கு வண்டியோடு வடக்கே திரிவார். பொங்கலுக்கு வந்தால், சொந்த ஊரான ஊசிக்கரட்டுக்கு ஒரு டீம் சேர்த்துக்கொண்டு எங்கள் ஊர்க் கபடிப் போட்டிக்கு இறங்கி வருவார்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கரட்டுக் குன்றின் மேலே முப்பது வீடு, அதுதான் ஊசிக்கரடு. டீமில் மூன்று பேருக்கு ஆட்டம் தெரியும். மற்ற நாலு பேர் ரிக்குக்காரருக்குப் பயந்து வந்தவர்கள். முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வுவார்கள். மனிதருக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. மைக்கில் ஊர்ப் பெயர் எத்தனை தடவை வந்தது என்று விரல் மடக்கிக்கொண்டிருப்பார். டீம் கொஞ்சம் சூடு பிடித்தால் போதும், டைம் அவுட் கேட்டுவிடுவார். "டைம் அவுட் கேட்பது ஊசிக்கரடு அணி" என்று நான் சொல்லியாக வேண்டுமே! மைக் பிடிப்பவன் அடியேன்தான்.

ஒரு வருஷம், "ஊசிக்கரடு ரிக்குக்காரரின் இடது கால் செருப்பைக் காணவில்லை" என்று அறிவிக்கச் சொன்னார். அறிவித்துவிட்டுக் குனிந்து பார்த்தால் இரண்டு செருப்பும் காலில் இருக்கின்றன.

"ஏனுங்க, இதென்னங்க அக்கிரமம்?"

"கெடச்சிருச்சுன்னு இன்னொருக்கா சொல்லீருங்க சாமி."

அப்புறம் ஊசிக்கரட்டை எங்கள் பேரூராட்சியோடு சேர்த்தார்கள். மேலே தண்ணீர்க் குழாய் போனது, தெருவிளக்கு போனது; ஊர்ப் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். இந்தப் பொங்கலுக்குப் போட்டிக் கமிட்டித் தலைவர், தறிப்பட்டறைக்காரர், கையை விரித்துவிட்டார்.

"அது இனிப் பதினாலாவது வார்டுங்க. ஒரு ஊருக்கு ஒரு டீமுதான். ஆட்டந் தெரிஞ்ச பசங்கள நம்ம டீமுக்கு அனுப்பி உடுங்க."

ரிக்குக்காரர் நேராக என்னிடம் வந்தார்.

"தோக்கறதுக்குக்கூடவா உடமாட்டீங்க சாமி? இனி எங்கூரு பேர ஆருங்க சொல்லுவாங்க?"

ஆனாலும் போட்டியன்று அந்த மூன்று பையன்களையும் அவரே கூட்டி வந்து, எங்கள் ஊர்ப் பனியனை மாட்டிவிட்டு, கூட்டத்தின் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மைக் என் கையில்தானே இருக்கிறது? முதல் பையன் கோட்டைத் தாண்டியதும், "நம்ம அணிக்காகப் பாடிப் போகிறார், ஊசிக்கரட்டுத் தம்பி!" என்று எடுத்துவிட்டேன். தலைவர் திரும்பி முறைத்தார். தம்பி இரண்டு பேரைத் தொட்டுவிட்டு ஓடி வந்தான். முறைப்பு பாதியாகக் குறைந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஊசிக்கரட்டுப் பிடி, ஊசிக்கரட்டுப் பாய்ச்சல் என்று அளந்து தள்ளினேன்.

இறுதி ஆட்டம். ஒரு புள்ளி பின்தங்கி நிற்கிறோம், பாக்கி இருப்பது ஒரே ஒரு ரெய்டு. தலைவர் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார்: "அட, அந்த ஊசிக்கரட்டுப் பையன உடுங்கப்பா!"

அவன் போனான், இரண்டு புள்ளியோடு வந்தான். எல்லோரும் கோப்பையைத் தூக்க ஓட, ரிக்குக்காரர் மட்டும் என்னிடம் ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"நூத்திப் பதினேழு தடவைங்க சாமி! தலைவர் சொன்னதையுஞ் சேத்தா நூத்திப் பதினெட்டு!"

இப்போது அவர் வடக்கே எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கிறார். இங்கே கோயில் விசேஷமோ கல்யாணமோ, மைக்கைத் தட்டிப் பார்க்கும்போது "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்று எனக்கு வருவதில்லை. "ஊசிக்கரடு, ஊசிக்கரடு" என்றுதான் வருகிறது. அதைச் சொல்லிப் பார்த்தால்தான் எனக்குச் சத்தம் சரியாக இருக்கிறது.