ஜெனீவா போகிறவர்

"ஃபாதரு பேரையே சொல்லல. நீயா இன்னாத்துக்கு கஸ்பார் அண்ணன்னு முடிவு கட்டுற?" என்றாள் சிலுவையம்மாள்.

"வேற யாரு? திருவிழால கொடியேத்தறது அவன், தேர்ல குடை புடிக்கிறது அவன். பிளேன் ஏர்றது மட்டும் நானா?" என்று வெடித்தார் அவள் புருஷன் இன்னாசி.

விஷயம் இதுதான். ஜெனீவாவில் உலக வர்த்தகப் பேச்சுவார்த்தை. அங்கே சிறு விவசாயிகளுக்காகப் பேசத் திருச்சபைகள் ஒரு குழுவை அனுப்புகின்றன. ராயபுரம் பங்குக் கோயிலிலிருந்தும் ஒருவர் போகிறார், பிஷப் இருக்கும் ஆயர் இல்லம் சம்மதித்ததும் பெயரைச் சொல்கிறேன் என்று ஞாயிறு பூசையில் ஃபாதர் அறிவித்துவிட்டார்.

இன்னாசி அதற்காக அலைந்தது கொஞ்சமா? ஹார்பரில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி வெளிநாட்டு உளுந்தை இறக்கியவர். அதனால் மீஞ்சூர் பக்கம் உளுந்து போட்டவன் விலை கிடைக்காமல் நொந்துபோனான் என்பது ரிட்டயரான பிறகுதான் அவருக்கு உறைத்தது. தவக்காலம் முழுக்க வெயிலில் திரிந்து, ஜெனீவாவுக்குக் கொண்டுபோகிற மனுவுக்கு ஆயிரத்து இருநூறு கையெழுத்து வாங்கினார். ரயில்வே கஸ்பார் வாங்கியது இரண்டு. அதில் ஒன்று கஸ்பாருடையது.

வயிறு எரியாதா?

செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்துக்கு அந்தோணியார் பெட்டியில் மன்றாட்டுச் சீட்டு போடுவார்கள். அதில் யார் பேரும் எழுதுகிற வழக்கமில்லை. 'குடிக்கிற என் புருஷன்' என்றாலே அந்தோணியாருக்குப் புரிந்துவிடும். இன்னாசியும் அப்படியே எழுதினார்: 'ஜெனீவா போகிறவர் சேற்றில் கால் வைத்ததே இல்லை. அந்தோணியாரே, விவசாயிகளைக் காப்பாற்றும்.'

படித்த ஃபாதர் முகம் வாடியது. மறுநாளே கஸ்பாரைத் தன் பங்களாவுக்குக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் பேசினார். வெளியே வந்த கஸ்பார் நேராக இன்னாசியிடம்தான் வந்தார்.

"இன்னாசி, உளுந்து எந்த மாசம் போடுவாங்க?"

"சித்திரைல. மரத்துல காய்க்கும்."

கஸ்பார் மரியாதையாகக் குறித்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் இரண்டாவது சீட்டு: 'அவருக்கு இங்கிலீஷ் சுட்டுப்போட்டாலும் வராது.' அந்த வாரமே டெபோரா டீச்சர் தினமும் சாயங்காலம் கஸ்பார் வீட்டுக்கு வந்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். தெருவே கேட்கும்படி கஸ்பார் 'குட் ஈவினிங்' சொன்னார்.

"நல்லாத்தான் பேசறாரு," என்றாள் சிலுவையம்மாள்.

"நீயும் அவனாண்டயே போய்க் கத்துக்கயேன்!" இன்னாசி சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

மூன்றாவது சீட்டு: 'அவருக்கு பிரஷர். பிளேனில் ஏதாவது ஆகிவிட்டால் விவசாயிகள் கதி?' உடனே கஸ்பாருக்கு முழு மெடிக்கல் செக்கப் நடந்தது. பிரஷரும் இல்லை, சுகரும் இல்லை. அடுத்த ஞாயிறு ஃபாதர் பெயரை அறிவித்தார். கஸ்பார்!

புறப்படும் நாள் வந்தது. கோயில் வாசலில் கஸ்பார் கழுத்து தெரியாமல் மாலை. மீஞ்சூரிலிருந்து வந்த விவசாயிகள் கைதட்டினார்கள். அவர்களில் பாதிப்பேரை இன்னாசிக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அவர் தூண் ஓரமாக நின்று பல்லைக் கடித்தார். பொறாமையில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சீட்டுப் பெட்டியைத் திறந்து ஃபாதரிடம் கொடுக்கிற கோயில்பிள்ளை சாவியோ அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து அவர் தோளைத் தொட்டான்.

"உன் மனசு நோவும்னு ஃபாதரு சொல்லவேணான்னாரு, எனக்குத்தான் தாங்கல அண்ணே: மொதல்ல ஆயர் இல்லத்துக்குப் போனது உம் பேருதான், எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் உன்னைப்பத்தி மூணு சீட்டு எழுதிப்போட்டு உன்னிய கவுத்துட்டான்!"