தோல் விலை சொல்லும் கம்ப்யூட்டர்

1986. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பேரணாம்பட்டு பஸ்ஸில் இறங்கிய கூட்டம் நேராகப் படியேறியது. செருப்பைக் கழற்றிவிட்டு, பயபக்தியோடு. தோல் பதனிடும் ஊரில் தோல் செருப்புக்கு அனுமதியில்லாத ஒரே ஆபீஸ் அதுதான்.

'கோள்மதி கம்ப்யூட்டர்ஸ்' முதலாளி காசிநாதன் கோட்டும் போடுவார், திருநீறும் பூசுவார். பிறந்த தேதியைச் சொன்னால் விசைகளைத் தட்டுவார். பச்சை எழுத்து மின்னும். திரைச்சீலைக்குப் பின்னால் மிஷின் டக டகவென்று ஓடும். சீலையில் வைத்த துவாரம் வழியாகப் பலன் அச்சாகி வரும். சர்ச்சுக்குப் போகிறவர்களும் வந்தார்கள். ஜோசியம் பார்த்தால்தானே பாவம், இது சயின்ஸ்.

ஜாதகம் சில்லறை வியாபாரம். தோல் விலையை முன்கூட்டியே சொல்லும் புரோகிராம் வரப்போகிறது என்றுதான் காசிநாதன் பங்கு விற்றார்.

வேலூரில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற பொன்மலருக்கு அப்போதுதான் பி.எஃப். பணம் வந்திருந்தது. அதற்காக அவர் தூக்காத பெட்பேன் இல்லை. கணவர் இன்பசேகரனுக்கு அதைக் கோள்மதியில் போட ஆசை. அவர் கணக்கு வாத்தியார் வேறு.

"எவ்ளோ வருமானம் தெரியுமா? தோல் மண்டி நிசார் அஹமது பாயே பங்கு வாங்கிட்டாரு."

"வருமானம் எதுல வருது?"

"ஜாதகத்துல."

"தோல் விலை புரோகிராம்?"

"போன பொங்கலுக்கே வரவேண்டியது. சனிப்பெயர்ச்சின்னு தள்ளிட்டாங்க. அப்புறம் கிரகணம் வந்துடுச்சு."

"நான் போய்ப் பாக்குறேன். அப்புறம் போடலாம்."

சனிக்கிழமை இருவரும் படியேறினார்கள். நிசார் அஹமதும் தன் பங்கைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார்.

"வாங்க சிஸ்டர். பிறந்த தேதி?" என்றார் காசிநாதன்.

"என்னுது வேணாம். உங்க கம்பெனி ஆரம்பிச்ச தேதியப் போடுங்க. புரோகிராம் எப்போ வரும்னு அதுவே சொல்லட்டும்."

"கம்ப்யூட்டர் தன் ஜாதகத்தத் தானே பாக்கக்கூடாதுங்க."

"டாக்டருக்கு ஜுரம் வந்தா நாங்க பாக்கலையா? போடுங்க."

"சரியாத்தான கேக்குறாங்க, போடுப்பா," என்றார் நிசார் அஹமது.

வேறு வழியில்லாமல் காசிநாதன் தட்டினார். டக டக தொடங்கியது. பொன்மலர் நிதானமாகச் சுவரோரம் நடந்து மெயின் சுவிட்சை அணைத்தார். பச்சை எழுத்து மறைந்தது. மின்விசிறி நின்றது. டக டக மட்டும் நிற்கவில்லை.

துவாரத்தில் காகிதம் எட்டிப் பார்த்தது. இன்பசேகரன் எடுத்துப் படித்தார்: "குரு பார்வையால் தை மாதம் கைகூடும்."

நிசார் அஹமது திரைச்சீலையை இழுத்தார். உள்ளே பனியனோடு ஒருவர். மடியில் பஞ்சாங்கம், எதிரே பழைய டைப்ரைட்டர். திருப்பத்தூர் கோர்ட் வாசலில் மனு அடித்துக்கொண்டிருந்தவர்.

"கரண்ட் போனது தெரியலைங்க," என்றார்.

"புரோகிராம் எங்கப்பா?" என்றார் நிசார் அஹமது.

"அது இன்னான்னே தெரியாதுங்க. எது கேட்டாலும் தை மாசம்னு அடிக்கச் சொல்லியிருக்காரு."

பின்படி வழியாக இறங்கப் பார்த்த காசிநாதனை நிசார் அஹமதும் சேதி கேட்டு ஓடிவந்த மற்ற பங்குதாரர்களும் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள். போட்ட பணத்தில் பாதிதான் தேறியது. பொன்மலரின் பணம் முழுசாக வீட்டில் இருந்தது. இன்பசேகரன் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு கம்மி என்றுகூடச் சொல்லவில்லை.

மறுவாரம் அதே கூட்டம் திருப்பத்தூர் பஸ் ஏறியது, டைப்ரைட்டர்க்காரர் வீட்டைத் தேடி. அவர் அடித்துக் கொடுத்த பலன் சிலருக்குப் பலித்துவிட்டதாம்.

ஐயா, அம்மா, பஸ் ஏறுவதற்கு முன் ஒரு கேள்வியாவது கேளுங்கள். கேள்விக்கு டிக்கெட் கிடையாது.